சட்டமன்றம் என்ன செய்தது?

நாட்டில் எதைக் குறை கூறினாலும் கேட்பதற்கு ஆள் உண்டு. சட்டமன்றத்தைக் குறை கூறினாலோ கைதட்டுவதற்கும் ஆள் உண்டு. வடபுலத்துப் பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ் மாணவராகிய நாம் இதை நன்கு அறிவோம். விவாத மேடையிலும் விடுதியின் உணவுக்கூடத்திலும் தமிழ்நாட்டு அரசியலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "கூச்சல், வெளிநடப்பு, தலைவர் புகழ்ச்சி, இவை தவிர உங்கள் சட்டமன்றத்தில் நடப்பது யாது?" என்று ஒருவர் கேட்பார். வேறு மாநிலத்து நண்பர் கேட்பதில் வியப்பில்லை. நம்மவரே அதற்கு முதலில் சிரிக்கிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம் தருவது.

சிரிப்பதற்கு முன் சற்றே ஆராய வேண்டும் என்பது என் கருத்து. நான் எந்தக் கட்சிக்கும் வழக்கறிஞன் அல்லன். இக்கட்டுரையில் நீதிக்கட்சியும் வரும், காங்கிரசும் வரும், தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் வரும். இவற்றுள் ஒன்றைப் பிடித்தவர்க்கு மற்றொன்று பிடிக்காது. ஆனால் இவை யாவும் மாறி மாறி அமர்ந்து பணியாற்றிய மன்றம் ஒன்றே. 1921ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டசபை முதல் இன்றைய 234 உறுப்பினர் கொண்ட பேரவை வரை அதை ஒரே தொடர்ச்சியாகக் கொண்டு, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை காண முயல்கிறேன்.

மன்றத்தின் வேலை எது?

ஒருவரது வேலை இன்னதென்று அறியாமல் அவர் வேலை செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. சாலை போடுவது சட்டமன்றத்தின் வேலையன்று. அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை. பள்ளியில் பாடம் சொல்லுவது ஆசிரியரின் வேலை. சட்டமன்றத்திற்கு மூன்று கடமைகள் உண்டு. சட்டம் இயற்றுவது ஒன்று. அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல் அளிப்பது மற்றொன்று. அமைச்சர்களை எழுந்து நிற்கச் செய்து கேள்வி கேட்பது மூன்றாவது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டே மன்றத்தை அளக்க வேண்டும்.

முதற் குற்றச்சாட்டு: ஒன்றும் செய்யவில்லை

இது புதிய குற்றச்சாட்டன்று. மன்றம் பிறந்த நாளிலேயே இதுவும் பிறந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் வந்த இரட்டை ஆட்சியில் போலீசு, நிதி முதலிய பெருந்துறைகள் கவர்னரிடமே இருந்தன. கல்வி, நலவாழ்வு, உள்ளாட்சி போன்றவை மட்டுமே சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சரிடம் வந்தன. இது வெறும் பொம்மை மன்றம் என்று கூறிக் காங்கிரசார் 1920ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணித்தனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. அதிகாரம் குறைவுதான், வாக்குரிமையும் சொத்துள்ளவர்க்கே இருந்தது. எனினும் அந்தக் குறைந்த அதிகாரத்தைக் கொண்டு அம்மன்றம் செய்தவற்றைப் பாருங்கள்.

பெண்களுக்கு வாக்குரிமை தருவதா இல்லையா என்பதை அந்தந்த மாகாணச் சட்டசபையே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆங்கில அரசு விட்டிருந்தது. சென்னைச் சட்டசபை 1921ஆம் ஆண்டிலேயே அவ்வுரிமையை அளித்தது. இந்திய மாகாணங்களுள் இதில் முந்தியது சென்னையே. 1926ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக அம்மன்றத்துள் நுழைந்தார். அடுத்த ஆண்டே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அவர் அமைச்சர் அல்லர். ஆளுங்கட்சித் தலைவரும் அல்லர். தனி உறுப்பினராக நின்று, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சமயத்தில் தலையிடுவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. அவர் தளரவில்லை. கோயிற்பணிக்காக மானிய நிலம் பெற்றிருந்த பெண்கள், பணியை விட்டாலும் நிலத்தை இழக்கமாட்டார்கள் என்ற சட்டத்திருத்தம் 1929இல் நிறைவேறியது. வயிற்றுக்கு வழி செய்தபின் வழக்கத்தை வேரறுப்பது என்ற முறை இதில் தெரிகிறது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கிய சட்டம் 1947இல் வந்தது. இடையே இருபது ஆண்டுகள்! மெதுவான நடைதான், ஆயினும் பின்வாங்காத நடை.

மற்றொன்றை நாம் தினமும் பயன்படுத்தியும் நினைப்பதில்லை. 1948ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது நம் மன்றமே. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் நீண்ட நாளைய முயற்சி அதன் பின்னே இருந்தது. சொத்து வரியுடன் சேர்த்து நூலகவரி தண்டி, அத்தொகையை நூலகத்திற்கே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. பிற துறைகளுக்கு நிதி நெருக்கடி வந்தபோதும் சிற்றூர் நூலகத்தின் கதவு மூடப்படாமல் இருந்ததற்கு இதுவே காரணம். நம்முள் எத்தனை பேர் போட்டித் தேர்வுக்குரிய நூல்களை ஊர்க் கிளை நூலகத்தில் படித்து இங்கு வந்து சேர்ந்தோம்! அந்த மேசைக்கும் நாற்காலிக்கும் கோட்டையில் ஒருநாள் எழுந்த "ஆம்" என்னும் குரல்தான் அடிப்படை.

இரண்டாம் குற்றச்சாட்டு: எல்லாம் அமைச்சரவை செய்தது

இரண்டாவது சாரார் சற்று நுட்பமாகப் பேசுவர். "நல்லது நடந்தது உண்மை. ஆனால் அதைச் செய்தவர் முதலமைச்சர். மன்றம் கைதூக்கியது, அவ்வளவே" என்பர். மதிய உணவுத் திட்டத்தை அவர்கள் சான்றாகக் காட்டுவர். 1956இல் காமராசர் அதைப் பரப்பினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். இரண்டும் அரசாணையால் வந்தவை, சட்டத்தால் அல்ல என்பர்.

இவ்வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அரசாணை பானையை அடுப்பில் ஏற்றும். அரிசிக்குப் பணம் எங்கிருந்து வரும்? மக்களாட்சியில் மன்றம் மானியக் கோரிக்கைக்கு ஒப்புதல் தராமல் அரசு ஒரு காசும் செலவிட இயலாது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிடுவது வீண் செலவு என்று ஏளனம் செய்தவர் அன்று இருந்தனர். ஆட்சிகள் மாறின. வந்த கட்சி போன கட்சியின் திட்டத்தை ஒழித்துவிடுமோ என்ற அச்சம் ஒவ்வொரு தேர்தலிலும் இருந்தது. எனினும் அதற்குரிய தொகையை மன்றம் ஆண்டுதோறும் அளித்து வந்தது. திட்டத்தைத் தொடங்கிய பெருமை தலைவர்களைச் சாரும். அதைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்திய பெருமையில் மன்றத்திற்கும் பங்குண்டு.

மன்றமே இல்லாத காலத்தையும் எண்ணிப் பாருங்கள். 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி புகுத்தப்பட்டது. அக்காலங்களில் மாநிலத்தின் பணப்பொறுப்பு தில்லி நாடாளுமன்றத்திடம் போயிற்று. தஞ்சை விவசாயி தன் வாய்க்காலைப் பற்றிக் கேள்வி கேட்க விரும்பினால், அவனுக்காகக் கோட்டையில் எழுந்து நிற்க ஓர் உறுப்பினர் இல்லை. மன்றம் பயனற்றது என்போர் அது இல்லாத ஆண்டுகளில் எது மேலாக நடந்தது என்று காட்டட்டும்.

மூன்றாம் குற்றச்சாட்டு: சட்டங்கள் ஏட்டுச் சுரைக்காய்

மூன்று குற்றச்சாட்டுகளிலும் வலிமையானது இதுவே. இதை நான் மழுப்ப விரும்பவில்லை.

நிலச் சட்டங்களை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952இல் சட்டம் வந்தது. குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்றக்கூடாது என்று 1955இலும், நியாயவாரம் இவ்வளவே என்று 1956இலும் சட்டங்கள் வந்தன. நன்செய் விளைச்சலில் நிலக்கிழாரின் பங்கு நூற்றுக்கு 40க்கு மேற்படக்கூடாது என்று அந்தக் கடைசிச் சட்டம் வரையறுத்தது. 1961இல் நில உச்சவரம்பு 30 தரப்பட்ட ஏக்கர் என வகுக்கப்பட்டது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. படித்தால் இனிக்கும். ஆனால் நடந்தது என்ன? உச்சவரம்பு வரும் என்று அறிந்த பெருநிலக்கிழார் பலர் உறவினர் பெயரிலும் அறக்கட்டளை பெயரிலும் நிலத்தை மாற்றிக்கொண்டனர். ஏழைக்குக் கிடைத்தது எதிர்பார்த்ததில் சிறு பகுதியே. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பண்ணைத் தொழிலாளர்க்கு நியாயக்கூலி வகுக்கும் சட்டம் அதற்குப்பின், 1969இல்தான் வந்தது. சட்டம் முன்னே செல்லாமல் சாம்பலின் பின்னே சென்றது. இக்கணக்கில் மன்றம் தேர்ச்சி பெற்றது என்று நான் கூறமாட்டேன்.

ஆயினும் ஒரு வினா. ஏட்டிலும் இல்லாதிருந்தால் எப்படி இருந்திருக்கும்? குத்தகைதாரன் நீதிமன்றப் படியேறியபோது அவன் கையில் இருந்தது அந்த ஏடுதான். 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம், நிலக்கிழாரின் மண்ணில் குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளியை அவ்விடத்திற்கே உரியவனாக்கியது. கூலி உயர்வு கேட்டால் குடிசையைப் பிடுங்குவேன் என்று மிரட்டும் வலிமை அதனால் தளர்ந்தது. சில சட்டங்கள் தாளோடு நின்றன. சில சட்டங்கள் தரையில் இறங்கின. இரண்டையும் பிரித்து எண்ணுவதே ஆராய்ச்சி. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது பிரசாரம்.

தரையில் இறங்கிய சட்டத்திற்கு ஒரு சான்று சுயமரியாதைத் திருமணச் சட்டம். புரோகிதரும் சடங்கும் இன்றி மாலை மாற்றிக்கொண்ட ஆயிரக்கணக்கான இணையர் பல்லாண்டுகளாக இல்லறம் நடத்தி வந்தனர். அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1950களில் உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியானால் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் நிலை யாது? சொத்துரிமை யாது? அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது, 1967இல், மன்றம் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவித்து, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்றது. இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களின் மேலிருந்த பழிச்சொல் நீங்கியது. 2023இலும் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவை எடுத்து ஆய்ந்து, இத்தகைய திருமணத்திற்கு ஊரறிந்த விழாவோ பொது அறிவிப்போ கட்டாயமில்லை என்று தெளிவுபடுத்தியது. 56 ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை செய்யும் சட்டத்தை ஏட்டுச் சுரைக்காய் என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஒரு நாளின் இரு முகங்கள்

மன்றத்தைக் குறை கூறுவோர் தவறாமல் நினைவூட்டும் நாள் ஒன்றுண்டு: 1989ஆம் ஆண்டு மார்ச்சு 25. அன்று முதலமைச்சர் கருணாநிதி வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கத் தொடங்கியபோது அவையில் கைகலப்பு மூண்டது. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஜெயலலிதா, தாம் தாக்கப்பட்டதாகவும் தம் சேலை இழுக்கப்பட்டதாகவும் கூறினார். ஆளுங்கட்சியினர் அதை மறுத்தனர். யார் கூற்று எவ்வாறாயினும், ஒரு மன்றம் அந்நிலைக்குத் தாழ்ந்தது வெட்கத்துக்குரியது. அதற்கு நான் சமாதானம் தேடவில்லை.

ஆனால் அதே நாளுக்கு வேறொரு முகமும் உண்டு. அதைப் பலர் அறியார். பூர்விகச் சொத்தில் மகனுக்குப் போலவே மகளுக்கும் பிறப்பாலேயே பங்குண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய தமிழ்நாட்டுச் சட்டம், 1989 மார்ச்சு 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகவே வகுக்கப்பட்டது. ஒரு பெண்மணி அவையில் இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறப்படும் அதே நாள், தமிழ்நாட்டுப் பெண்களின் சொத்துரிமை தொடங்கும் நாளாகச் சட்டப் புத்தகத்தில் அமைந்திருக்கிறது! ஆந்திரம் நமக்குச் சில ஆண்டுகள் முந்தியது. இந்திய நாடாளுமன்றமோ இதை நாடு முழுமைக்கும் ஆக்கியது 2005இல்தான். பதினாறு ஆண்டுகள் நாம் முந்தியிருந்தோம்.

இது என் வீட்டிலும் நடந்த செய்தி, ஆகவே சொல்லுகிறேன். என் பெரியம்மாவுக்கு 1987இலும் என் தாயாருக்கு 1994இலும் திருமணம் நடந்தது. 1998இல் தாத்தாவின் பூர்விக நிலம் பாகப்பிரிவினை ஆனபோது, என் தாயார் தம் தம்பியருடன் பங்காளியாக அமர்ந்து பத்திரத்தில் கையொப்பமிட்டார். பெரியம்மாவின் பெயர் அப்பத்திரத்தில் இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன்பே மணமான பெண்ணுக்கு அச்சட்டம் பங்கு தரவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவர்க்கு உரிமை, மற்றவர்க்கு இல்லை. அம்மாவின் அந்தப் பங்கின் வருவாய்தான் இன்று எனக்கு விடுதிக் கட்டணமாகிறது. எனவே இச்சட்டத்தின் அருமையையும் குறையையும் நான் நூலில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. சட்டமன்றத்தில் ஒரு சொல் சேர்வதும் ஒரு சொல் விடுபடுவதும் எத்தனை வீடுகளை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாணவர்க்கு மன்றம் தந்தவை

இனி நம்மையே எடுத்துக்கொள்வோம். ராகிங் என்னும் பகடிவதையால் ஒரு மாணவர் உயிரிழந்த கொடுமைக்குப் பின், 1997இல் தமிழ்நாடு அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமாக அதற்குக் கடும் விதிகள் வகுத்தது 2009இல். நாம் பயிலும் இந்த வடபுலத்து வளாகத்திலும் புதுமுக மாணவர் அச்சமின்றி நடமாட முடிகிறதென்றால், அதற்கான பாதையை முன்கூட்டியே வெட்டியவற்றுள் நம் மன்றமும் ஒன்று.

2020ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு 7.5 இடம் ஒதுக்கும் மசோதாவை மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஒருமனதாக என்ற சொல்லைக் கவனியுங்கள். எலியும் பூனையுமாக இருப்பதாக நாம் கருதும் கட்சிகள் யாவும் அன்று ஒரே பக்கம் நின்றன. கூலித் தொழிலாளியின் மகள் வெள்ளை அங்கி அணிய அது வழி செய்தது. 1967ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானமும் இவ்வாறே ஒருமனதாக நிறைவேறியது. பெரிய காரியங்களில் ஒன்றுபடும் இயல்பு அம்மன்றத்திற்கு உண்டு என்பதற்கு இவை அடையாளம்.

சிறிய காரியம் ஒன்றும் சொல்வேன். துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கடைத் தொழிலாளர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் செய்தது. 2021இல் தமிழ்நாடும் செய்தது. ஒரு நாற்காலி! ஆனால் வீங்கிய காலுக்கு அது எவ்வளவு பெரிய சட்டம்! அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கடைகளில் அந்த நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் கேளுங்கள். சட்டம் ஏட்டில் நிற்பதும் தரையில் இறங்குவதும் நம்மையும் பொறுத்தது.

முடிவாக

மன்றம் குறையற்றது என்று நான் வாதாடவில்லை. கூடும் நாட்கள் குறைவு. மசோதாக்கள் சில வேளை போதிய விவாதமின்றி விரைந்து நிறைவேறுகின்றன. புகழுரைகள் நேரத்தை விழுங்குகின்றன. தகவல் அறியும் உரிமைக்கு 1997இலேயே சட்டம் செய்தும், அதில் விதிவிலக்குகளை அடுக்கி அதன் வலிமையைக் குறைத்ததும் அதே மன்றம்தான். இவற்றைக் கண்டிப்பது நம் கடமை. ஆனால் கண்டனம் வேறு, இகழ்ச்சி வேறு. கண்டிப்பவன் அது திருந்த வேண்டும் என்று விரும்புகிறான். இகழ்பவன் அது இல்லாது போனாலும் கவலைப்படான். தன் மன்றத்தை இகழ்ந்து பழகிய மக்களிடமிருந்து அதைப் பறிப்பது எளிது. 1976இல் அது பறிக்கப்பட்டதை வரலாறு கூறுகிறது.

நண்பர்களே, சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிடப்பட்ட தொகுதிகளாக உள்ளன. விடுமுறையில் சென்னை செல்வோர் ஒரு நாளேனும் அவற்றுள் ஒன்றை எடுத்துப் படியுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன விடை தந்தார் என்று குறித்து வாருங்கள். நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவோம். "சட்டமன்றம் என்ன செய்தது?" என்று இனி எவரேனும் கேட்டால், சிரிப்பதற்குப் பதிலாக ஆண்டையும் சட்டத்தையும் சொல்லி விடை கூற வல்லவராவோம். செய்யாமல் விட்டதையும் அதே தெளிவோடு எடுத்துக்காட்ட வல்லவராவோம். அதுவே மன்றத்திற்கு நாம் அளிக்கும் உண்மையான ஆதரவு.